கிலுகிலுப்பை விதை முளைக்கவில்லையா?

விதைத்தோலைக் கீறிவிட்டு விதையுங்கள். 40 நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை என்கிறீர்கள். விதை செத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது, ஆவாரையும் இப்படித்தான்.

மிச்சமிருப்பதில் பத்து விதையை எடுத்து, உள்ளே வெளிர்நிறம் எட்டிப்பார்க்கும்வரை உப்புத்தாளில் தேய்த்து, ராத்திரி ஊறப்போடுங்கள். காலையில் உப்பியிருந்தால் உடனே ஊன்றலாம். கல்லாகவே கிடந்தால் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும்.

பச்சைக் காயில் எடுத்த விதையென்றால் இதெல்லாம் வீண். காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும் காய்தான் சரி. ஓட்டை இருந்தால் தள்ளிவிடுங்கள், புழு தின்றிருக்கும்.

அப்புறம், நீலவரியன் பட்டாம்பூச்சியை இழுப்பதே இந்தச் செடியின் நஞ்சுதான். ஆனால் அது ஆடு, மாட்டுக்கு ஆகாது, அவை எட்டாத இடமாகப் பாருங்கள்.