பார்ட்டி மாஸ்டரைத் திருத்தும் உரிமை யாருக்கு?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஐடி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே டீலர் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு பெயரிலும் விற்பனைப் பிரிவின் எக்செலில் வேறு பெயரிலும் இருக்கிறார். டிஸ்பாட்சில் அவருடைய பழைய முகவரி. மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியல் ஒத்துப்போவதே இல்லை. "டேட்டா என்றால் ஐடிதானே பொறுப்பு" என்கிறார் எம்.டி. பார்ட்டி மாஸ்டர் என்கிற டீலர் விவரப் பதிவின் பொறுப்பை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

பதில்: சர்வர் ஓடுவது, பேக்கப் எடுப்பது, வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்றே மூடுவது எல்லாம் உங்கள் பொறுப்புதான். அந்த அளவில் எம்.டி. சொல்வது சரி. ஆனால் ஒரு டீலருக்கு எவ்வளவு கடன் விடலாம், அவர் குடோன் எங்கே மாறியது என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? இதற்கும் தலையாட்டினால், யார் போன் செய்தாலும் மாற்றித் தருகிற ஆளாகிவிடுவீர்கள்.

அப்படியானால் டைப் செய்பவரே பொறுப்பு என்று பலரும் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி இடம் சரிபார்ப்புக் குறி. அதனால் ஓரெழுத்துப் பிழை பெரும்பாலும் சிக்கிவிடும். சிக்காதது, டீலரின் அண்ணன் நடத்தும் இன்னொரு கடையின் எண். எண் செல்லும், ஆள்தான் வேறு. பில் போனதும் அது எண்ணைப் பதிந்த விற்பனைப் பிரதிநிதியின் டார்கெட்டில் சேர்ந்துவிடும். டீலரின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் (வாங்கிய பில்களின் பட்டியல்) மட்டும் அந்த பில் வராது. உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காத அவர் வரித் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். பிந்தைய மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-இல் அதைத் திருத்தி அல்லாடுவது அக்கவுண்ட்ஸ்.

தவறினால் யார் வேலை கெடுகிறதோ அந்தப் பிரிவிடமே அந்த விவரத்தைக் கொடுங்கள். கூடவே தடுக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைத் தேடி, பெயரும் முகவரியும் பொருந்துகின்றன என்று அக்கவுண்ட்ஸ் சொல்லும்வரை புது டீலருக்கு முதல் பில் போடக் கூடாது. விற்பனைப் பிரிவு முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். நிறுத்த முடியாதவரிடம் பொறுப்பு கொடுப்பது திட்டுவாங்க ஆள் வைப்பதுதான்.

பார்ட்டி மாஸ்டர் முழுவதையும் ஒருவரிடம் தள்ள வேண்டியதில்லை. ஜிஎஸ்டி எண்ணும் கிரெடிட் லிமிட்டும் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு. டெலிவரி முகவரி, தொடர்பு எண் விற்பனை மேனேஜருக்கு. ஐட்டம் மாஸ்டரில் பொருளின் பெயரும் அளவும் ஸ்டோர்ஸுக்கு, வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் ஹெச்எஸ்என் கோடு அக்கவுண்ட்ஸுக்கு. ஆள் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள், கமிட்டி வேண்டாம். அன்றாடம் உட்கார்ந்து சரிபார்ப்பவர் அந்த மேனேஜருக்குக் கீழே இருக்கும் ஒருவராக இருக்கலாம். அவருடைய பழைய வேலையில் கொஞ்சத்தைக் குறைத்துக் கொடுத்தால்தான் இது நடக்கும்.

ஒரு பக்கத்தில் இதை எழுதி எம்.டி.யிடம் கையெழுத்து வாங்குங்கள். விற்பனைக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் ஒத்துவராதபோது முடிவு அவருடையது. ஆனால் "இந்த ஒரு தடவை லிமிட்டை ஏத்திவிடுப்பா" என்று அவரே உங்களுக்குப் போன் செய்தால் அந்தக் காகிதம் அன்றோடு செத்தது. அந்தப் போனும் அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கே போக வேண்டும்.

இரட்டைப் பதிவுகளுக்கு வருவோம். புது லெட்ஜர் (டீலரின் கணக்குப் பக்கம்) திறக்கும் முன் பெயரை வைத்துத் தேடாதீர்கள். 'ஸ்ரீ முருகன்' என்பதை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஜிஎஸ்டி எண்ணை வைத்துத் தேடுங்கள், பதிவு இல்லாத சிறு கடைக்கு மொபைல் எண். ஏற்கெனவே இரண்டாகிவிட்ட லெட்ஜர்களில், வவுச்சர் (பில், ரசீது போன்ற பதிவு) உள்ளதை டாலி அழிக்க விடாது. பாக்கியை ஜர்னல் என்ற மாற்றுப் பதிவு போட்டு ஒன்றுக்கு மாற்றிவிட்டு, மற்றதன் பெயரோடு 'உபயோகிக்க வேண்டாம்' என்று சேர்த்துவிடுங்கள். விற்பனையின் எக்செல் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது டாலியிலிருந்து வாராவாரம் எடுத்த நகலாக இருக்க வேண்டும், அதில் கையால் திருத்தக் கூடாது.

யார் எதை மாற்றினார்கள் என்பதற்குத் தனி ஏற்பாடு தேவைப்படாது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிய வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் கூடாது. ஆடிட்டருக்காக ஓடிக்கொண்டிருக்கும் அதே பதிவில், மாஸ்டர் மாற்றங்களை மட்டும் வாரம் ஒருமுறை அந்தந்த மேனேஜர் பார்த்தால் போதும். பொறுப்பில்லாதவர்களின் லாகினில் லெட்ஜர் திருத்தும் உரிமையை எடுத்துவிடுவது உங்கள் வேலை.

நீங்கள் கேட்காத ஒன்று: தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம். இதற்கு மனிதவள மேனேஜர்தான் பொறுப்பு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய பாதுகாப்பு வைக்காமல் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சம்பளக் கணக்கு போடும் வெளி ஏஜென்சியிடமிருந்து கசிந்தாலும் சட்டம் கேட்பது உங்கள் கம்பெனியைத்தான். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவி, அரசு தனியாக அறிவிக்கும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். ஆனால் தனிநபர் தகவல் பற்றிக் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவரின் தொடர்பு விவரத்தை எல்லோரும் வெளியிட்டாக வேண்டும். அதற்கும் மனிதவள மேனேஜரையே போடலாம். ஆள் சேர்க்கும்போது வாங்கிய ஆதார் படங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கிடந்தால், அவற்றை அழிக்கச் சொல்வதே அவருடைய முதல் வேலையாக இருக்கட்டும்.