தெள்ளு, எலி, டைபஸ்: வாசகர் கேள்விகள்

கே: தெள்ளுப்பூச்சி கடித்தாலே டைபஸ் வந்துவிடுமா?
ப: டைபஸ், டைபாய்டு அல்ல; தெள்ளு பரப்பும் வேறு காய்ச்சல். கடிக்கும்போதே தெள்ளு எச்சமிடும், கிருமி அதில்தான். சொறிந்தால் கீறல் வழியே உள்ளே போய்விடும். சொறியாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கே: எலிக்கு விஷ கேக் வைத்த மறுவாரம் வீட்டில் எல்லோர் காலிலும் கடி. ஏன்?
ப: வராமல் என்ன செய்யும்? எலி செத்து உடம்பு சில்லிட்டதும் தெள்ளு இறங்கி அடுத்த சூடான உடம்பைத் தேடும். கைக்கெட்டுவது உங்கள் கணுக்கால். எத்தனை முறை எழுதினாலும் எல்லோரும் விஷ கேக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். தெள்ளு முதலில், எலி பிறகு! வளை வாயிலும் எலி ஓடும் சுவரோரத்திலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்துத் தூள் தூவுங்கள். ஓடும்போது எலி தானே பூசிக்கொள்ளும். நாலைந்து நாள் கழித்துப் பொறி வையுங்கள். விஷம் தின்ற எலி பரணில் எங்காவது போய்ச் சாகும், தேடி எடுக்க முடியாது. செத்ததன் மேல் பூச்சிமருந்து அடித்து, கையுறையோடு இரட்டைப் பையில் கட்டுங்கள். பிறகு ஓட்டைகளை அடையுங்கள். சுண்டெலிக்குப் பேனா நுழையும் இடைவெளி போதும்.

கே: ஹூஸ்டனில் வசிக்கிறோம். பின்கட்டு மரத்தளத்தின் அடியில் ஒப்போசம் (பூனையளவு இருக்கும் பைப்பாலூட்டி). தெருப்பூனைகளுக்கு இரவில் தீனி வைப்போம். ஆபத்தா?
ப: தீனி வைத்துக்கொண்டே கேட்கிறீர்கள்! உங்கள் டெக்சாஸிலும் தெற்கு கலிபோர்னியாவிலும் நோயைச் சுற்றவிடுவதில் ஒப்போசத்துக்கும் பூனைத்தெள்ளுக்கும் பெரும் பங்கு. இருட்டும் முன் தட்டை எடுத்துவிடுங்கள். குட்டிகள் உள்ளே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஓரடி மண்ணுக்குள் இறங்கும்படி கம்பிவலை அடியுங்கள். விலங்கு போனாலும் தெள்ளு தங்கும். அங்கும் தெள்ளு மருந்துதான் முதலில்.

கே: பூனைக்கு மருந்து விட்டும் மூன்றாம் வாரம் மறுபடி தெள்ளு. மருந்து போலியா?
ப: இல்லை. பூனை மேல் இருப்பது சுமார் 5 சதவீதம். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக மிதியடியிலும் தரை இடுக்கிலும் இருக்கும். கூட்டுப்புழு எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. மாதம் ஒருமுறை, 3 மாதம் விடாமல் போடுங்கள். விரிப்புகளை 60 டிகிரி நீரில் துவையுங்கள். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரினைப் பூனைக்குப் போடாதீர்கள், செத்துப்போகும்.

கே: 8 நாளாகக் காய்ச்சல், தலைவலி. விடால் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். ஊசி போட்டும் குறையவில்லை.
ப: வீட்டில் எலியா, பூனையா, தெள்ளுக் கடியா? ஒன்றும் எழுதவில்லை. டாக்டரிடமாவது சொன்னீர்களா? டைபாய்டுக்குப் போடும் செப்ட்ரியாக்ஸோன் ஊசி டைபஸைத் தொடாது. டாக்ஸிசைக்ளின் 2, 3 நாளில் காய்ச்சலை இறக்கும். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மி.கி., இரு வேளை. டாக்டர் எழுதித் தந்தால் மட்டும். டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். அக்குள், இடுக்குகளில் கருப்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கும் இதே மருந்துதான். இன்றே போங்கள்.

கே: காய்ச்சல்காரரைத் தனியே வைக்க வேண்டுமா?
ப: வேண்டாம். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. அவர் படுக்கையில் தெள்ளு இருக்கிறதா என்று பாருங்கள்.