மூன்று நாள் குழந்தைக்குக் கண் மஞ்சள்: வெயிலில் காட்டலாமா, தண்ணீர் கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். சிங்கப்பூர் வெயிலின் அளவு நம் கையில் இல்லை. பிஞ்சுத் தோல் வெந்துவிடும், உடல் நீரும் வற்றும். மருத்துவமனையின் நீல ஒளிச் சிகிச்சை வேறு விஷயம். மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் என்ற கழிவுப் பொருளை, உடல் எளிதில் வெளியேற்றும் வடிவுக்கு அது மாற்றுகிறது.

தண்ணீரோ குளுக்கோஸ் நீரோ கொடுத்தால் வயிறு நிரம்பி, குழந்தை பால் குடிப்பது குறையும். பிலிருபின் பெரும்பாலும் மலத்தோடுதான் போகிறது. பால் குறைந்தால் மலம் தாமதிக்கும், குடல் பிலிருபினை மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுங்கள். மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் எழுப்பியே கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குள் மலம் மஞ்சளாகி, நாளுக்கு ஆறு டயபராவது நனைய வேண்டும்.

நம் நிறக் குழந்தைகளுக்குத் தோலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் கண்வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். பிலிருபின் அளவு தெரிய பாலிகிளினிக்கில் சோதனைதான் வழி.

இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு உண்டா என்று பார்ப்பார்கள். அந்தக் குறைபாடு இருந்தால் அந்துருண்டை போட்டு வைத்த பழைய துணி, போர்வை எதுவும் குழந்தையின் அருகில் வரக் கூடாது. அதன் வாடையே சிவப்பணுக்களை உடைக்கலாம். பாட்டியிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் மறுத்தாலோ, கீச்சென்று அழுதாலோ, உடலை வில்லாக வளைத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மலம் வெளிறினால், அல்லது இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்தால், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.