சொந்த நிலத்தில் கரை போட்டு மழைநீரைத் தேக்கினால் மிகைநீரையும் மண் அரிப்பையும் எப்படிச் சமாளிப்பது?

நான்கு ஏக்கர் மானாவாரி நிலத்தின் தாழ்ந்த முனையில் மண்கரை போட்டு மழைநீரைத் தேக்க நினைப்பதாகவும், கரை உடையாமலும் மிகைநீர் மண்ணை அரித்துச் செல்லாமலும் இருக்க என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் செம்மண் நிலத்தில் இதே வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். 2014-இல் போட்ட முதல் கரை மறு ஆண்டு ஐப்பசி மழையில் உடைந்தது. 2017-இல் அதே இடத்தில் போட்ட இரண்டாவது கரை இன்றும் நிற்கிறது. மண்ணும் இடமும் மாறவில்லை. மாறியவற்றுள் முதன்மையானது மறுகால். கலிங்கு, கலங்கல், கோடி என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லப்படும் மிகைநீர் வழியைத்தான் எங்கள் பக்கத்தில் மறுகால் என்கிறோம்.

முதல் முறை கரையின் உயரத்தையும், எத்தனை லிட்டர் நிற்கும் என்பதையும் மட்டுமே யோசித்தேன். மிகைநீருக்காகக் கரையின் மேற்பகுதியில் ஆறு அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்து, அது போதும் என்று நம்பினேன். மழை வலுத்த இரவில் தண்ணீர் குழாயையும் மீறி ஏறி, கரை எங்கே அமிழ்ந்து தாழ்ந்திருந்ததோ அங்கே வழியத் தொடங்கியிருக்கிறது. கரையின் நடுப்பகுதியில்தான் மண் உயரமாகக் கொட்டப்படுகிறது. ஆகவே அதிகம் அமிழ்வதும் அங்கேதான். வழிந்த நீர் வெளிச்சரிவின் அடியில் விழுந்து பள்ளம் பறிக்க, அந்தப் பள்ளம் படிப்படியாக மேல்நோக்கி ஏறி உச்சியைத் தொட்டதும் கரை மொத்தமாகத் திறந்துகொண்டது. விடிந்து பார்த்தபோது ஐந்து மீட்டர் அகலத்துக்கு உடைப்பு. கீழ்க்காட்டு அண்ணாச்சியின் உளுந்து முழுவதும் மணல் மூடிக் கிடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. உடைப்பைச் சுற்றி நடந்துவிட்டு, "மறுகாலை எங்கே வைத்திருந்தாய் தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் குழாயைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்குள் இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுவே காரணம்.

அந்தக் குழாய் ஏன் போதவில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 லிட்டர். எங்கள் கரைக்கு நீர் தரும் பரப்பு, அண்டை நிலங்களையும் சேர்த்து, சுமார் 10 ஹெக்டேர். மணிக்கு 90 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் அரை மணி நேரம் மழை கொட்டினால், அந்தப் பரப்பின்மேல் நொடிக்கு 2,500 லிட்டர் விழுகிறது. ஏற்கெனவே நனைந்திருக்கும் சரிவான உழவு நிலத்தில் அதில் பத்தில் நான்கு பங்கு ஓடி வருவதாக வைத்துக்கொண்டாலும், நொடிக்கு 1,000 லிட்டர் கரையை வந்து முட்டும். என் குழாய் வெளியேற்றியது நொடிக்கு 40 லிட்டர் அளவில்தான் இருக்கும். ஆகவே முதலில் உங்கள் நான்கு ஏக்கரை மறந்துவிட்டு, மேலே எவர் எவர் நிலத்திலிருந்து தண்ணீர் உங்கள் முனைக்கு வருகிறது என்பதை மழை நேரத்தில் நடந்து பார்த்து, அந்த மொத்தப் பரப்பைக் கணக்கில் எடுங்கள். வண்டிப்பாதையோ சாலையோரப் பள்ளமோ நீரைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் உண்டு. அது வெயில் நாளில் கண்ணுக்குத் தெரியாது.

மறுகாலின் அகலம் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். மட்டமான அகன்ற வாய் ஒன்றின் வழியே 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போனால், ஒவ்வொரு மீட்டர் அகலமும் நொடிக்குச் சுமார் 150 லிட்டரைக் கடத்தும். 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போனால் சுமார் 280 லிட்டர். 1,000 லிட்டருக்கு முதல் வகையில் ஏழு மீட்டர் அகலம் வேண்டும், இரண்டாம் வகையில் நான்கு மீட்டருக்குள் முடிந்துவிடும். செலவைப் பார்த்தால் நான்கு மீட்டர்தான் மனதை இழுக்கும். ஆனால் ஆழமாக ஓடும் நீர் வேகமாகவும் ஓடும். வேகமே மண்ணை அறுக்கிறது. வெறும் மண்ணாலான வாயை நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைந்த வேகமே அரித்துவிடும். நன்றாகப் பிடித்த அருகம்புல் இருந்தால் அதைவிடக் கூடுதலான வேகத்தைச் சில மணி நேரம் தாங்கும். அதனால் எட்டு மீட்டர் அகலம் வைத்தேன். வாயின் மட்டத்திலிருந்து கரை உச்சி வரை ஒரு மீட்டர் இடைவெளி விட்டேன். வெள்ளம் 20 சென்டிமீட்டர் ஏறினாலும் அலைக்கும் எதிர்பாராத மழைக்கும் 80 சென்டிமீட்டர் மீதம் இருக்கும்.

மறுகாலைக் கரையில் வெட்டாதீர்கள். கொட்டிய மண் எவ்வளவு இறுக்கினாலும் கொட்டிய மண்தான். கரையின் ஏதாவது ஒரு முனையைத் தாண்டி, இயற்கையான கெட்டித்தரை இருக்கும் பக்கத்தில் வெட்டுங்கள். எங்களுக்குக் கிழக்கு முனையில் சுண்ணாம்புச் சுக்கான் தரை கிடைத்தது. வாய் முழு அகலத்துக்கும் ஒரே மட்டமாக இருப்பது மிக முக்கியம். ஒரு மூலை ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் கூட வெள்ளம் அந்த மூலையில் குவிந்து அங்கேயே ஓடை பறித்துவிடும். அதற்காக வாயின் குறுக்கே ஒரு அடி அகலத்தில் கான்கிரீட் பட்டை ஒன்றைத் தரைக்குள் இறக்கிப் போட்டேன். அதன் மேல்முகம் தரையோடு தரையாக இருக்கும்.

இரண்டாவது கரையிலும் ஒரு தவறு செய்தேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மறுகால் நீர் திரும்ப ஓடையில் சேரும் இடத்தில் ஓடைப் படுகை ஒன்றரை மீட்டர் கீழே இருந்தது. வாயைக் கவனித்த நான் வால் பகுதியைக் கவனிக்கவில்லை. முதல் பருவமழையிலேயே அந்த விளிம்பில் நீர் அருவிபோல் விழுந்து அடிமண்ணைக் குடைய, மேல்மண் சரிந்து, விளிம்பு நான்கு மீட்டர் பின்வாங்கி மறுகால் வாயை நோக்கி வந்துவிட்டது. இன்னும் இரண்டு மழை பெய்திருந்தால் கான்கிரீட் பட்டையின் அடியையே தொட்டிருக்கும். பண்ணைக் கரைகள் இப்படிப் பின்பக்கமிருந்து அழிவது பலர் நினைப்பதைவிட அதிகம். அந்த ஒன்றரை மீட்டர் வீழ்ச்சியை அரை மீட்டர் வீதம் மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்பிக் கட்டினேன். கல்லுக்கு அடியில் முதலில் மணலும் அதன்மேல் சரளையும் பரப்ப வேண்டும். வெறும் மண்ணின் மேல் கல்லை அடுக்கினால், கல்லிடுக்கு வழியாக நீர் அடிமண்ணை உறிஞ்சிக்கொண்டு போய், ஒரே ஆண்டில் கற்கள் உள்வாங்கிவிடும். கடைசிப் படிக்குக் கீழே பெரிய கற்களை இறைத்துப் போட்டிருக்கிறேன். விழும் நீரின் வேகம் அங்கே அடங்கிய பிறகே ஓடைக்குள் போகிறது.

இனிக் கரை. கரை உட்காரப்போகும் இடத்தில் புல், வேர், வளமான மேல்மண் எல்லாவற்றையும் வழித்து ஒதுக்கி வையுங்கள். கடைசியில் அதே மேல்மண்ணை வெளிச்சரிவில் பரப்பினால் புல் சீக்கிரம் பிடிக்கும். கரையின் நடுக்கோடு நெடுகிலும் கெட்டித்தரை தட்டும் வரை ஒரு பள்ளம் வெட்டி, அதில் களிமண்ணை நிரப்பி இறுக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் கரைக்கு அடியிலேயே நீர் கசிந்து வெளியேறும். முதல் கரையில் நான் தவிர்த்தேன். பொக்லைன் எந்திரம் ஒரே நாளில் மண்ணைக் குவித்துவிடும், ஆனால் குவியல் கரையாகாது. 15 சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு அடுக்கு பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் சேர்த்து, உருளை ஓட்டி இறுக்கிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். உருளை கிடைக்காத நாட்களில் பாரம் ஏற்றிய டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டினோம். உட்சரிவு ஒன்றுக்கு மூன்று, வெளிச்சரிவு ஒன்றுக்கு இரண்டு, உச்சி அகலம் இரண்டரை மீட்டர் என்று வைத்தால், மூன்று மீட்டர் உயரக் கரைக்கு அடி அகலம் பதினேழரை மீட்டர் வரும். இவ்வளவு இடம் போகிறதே என்று சரிவைக் குறைக்காதீர்கள். அமிழ்வுக்காகப் பத்தில் ஒரு பங்கு உயரத்தைக் கூட்டி, நடுப்பகுதியைச் சற்றே மேடாக விடுங்கள்.

மண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எளிய சோதனை செய்யுங்கள். காய்ந்த சிறு கட்டி ஒன்றை மழைநீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரில் மெதுவாக இட்டு, கலக்காமல் விட்டு, பத்து நிமிடத்திலும் இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து விழுந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால், அது நீரில் கரைந்து ஓடும் களர்த்தன்மை உள்ள மண். அதில் கட்டிய கரையில் சின்னக் கசிவு கூட உள்ளுக்குள் சுரங்கம் போட்டுவிடும். வேறு மண் கிடைக்காவிட்டால், மண் பரிசோதனை செய்து, சொல்லும் அளவுக்கு ஜிப்சம் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். கரிசல் மட்டும் கொண்டு கட்டிய கரை கோடையில் வெடிக்கும்; அதன்மேல் சரளை கலந்த செம்மண்ணை ஒரு அடிக்காவது போர்த்துங்கள்.

பாசனத்துக்காகக் கரைக்குள் குழாய் பதிப்பதாக இருந்தால், குழாயை ஒட்டித்தான் நீர் முதலில் வழி தேடும் என்பதை மனதில் வையுங்கள். குழாயைச் சுற்றி இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கான்கிரீட் வளையங்கள் போட்டு, அதைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் திமிசு போட்டு இறுக்க வேண்டும். முடிந்தால் குழாயே வைக்காமல் மோட்டார் வைத்து இறைப்பது நல்லது. ஆனால் நிறைந்த குட்டையை ஓரிரு நாளில் காலி செய்யாதீர்கள். நனைந்த உட்சரிவு தாங்குவதற்கு நீர் இல்லாமல் சரிந்துவிடும்.

கரை தாங்கிய பிறகு ஒரு ஆசை வரும். மறுகாலில் நான்கு வரிசை மணல் மூட்டை அடுக்கினால் இன்னும் ஒரு மாதத் தண்ணீர் நிற்குமே என்று தோன்றும். நம் பழைய குளங்களின் கலிங்குகளில் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் தழையும் வைத்து அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் வழக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் பெருமழைக் காலம் கழிந்த பிறகு, ஆட்கள் காவல் இருந்து, தேவையானால் உடனே திறந்துவிடும் ஏற்பாட்டோடு செய்தது அது. உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழுவையே குறிப்பிடுகின்றன; ஏரியைப் பார்த்துக்கொள்வது அவ்வளவு பேரின் பொறுப்பாக இருந்தது. தனி ஒருவராகத் தோட்டத்தில் இருக்கும் நீங்களும் நானும் மார்கழி முடியும் வரை மறுகாலைத் தொடாமல் இருப்பதே சரி.

கரை போடும் முன் கிராம வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். உங்கள் நிலத்துக்குள் ஓடுவதாகத் தோன்றும் பள்ளம் பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காக இருக்கலாம். அதை அடைக்க நமக்கு உரிமை இல்லை. மறுகால் நீர் அது முன்பு போன பாதையிலேயே போய்க் கீழேயுள்ள குளத்தைச் சேர வேண்டும்.

உட்சரிவில் நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதிக்குக் கல் பாவினேன். காற்றடி மாதங்களில் சிற்றலை கூடக் கரையைக் கடித்துத் தின்னும். வெளிச்சரிவில் சம மட்டக் கோடுகளில் ஒரு சாண் இடைவெளிக்கும் குறைவாக வெட்டிவேர் நட்டோம், மற்ற இடமெல்லாம் அருகம்புல். மரம் எதுவும் வைக்கவில்லை. வேலிக்கருவை முளைத்தால் கையால் பிடுங்கும் பருவத்திலேயே எடுத்துவிடுகிறோம், ஏனென்றால் அதன் வேர் பட்டுப்போன பின் உள்ளே வெற்றுக் குழாயாக நிற்கும். ஒவ்வொரு புரட்டாசியிலும் எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டித் திறந்து, ஈரக் களிமண் திணித்து இடிக்கிறோம். நிறைந்திருக்கும் நாட்களில் வெளிச்சரிவின் அடியோரம் நடந்து கசிவைப் பார்ப்பது என் வழக்கம். தெளிந்த நீர் சொட்டினால் குறித்துவைத்துக் கவனிக்கிறேன். கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள், அன்றைக்கே மட்டத்தைக் குறைக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையின் ஒரு பங்கு எங்கள் பக்கமும் வந்தது. இரவு முழுவதும் கீழ்க்காட்டு அண்ணாச்சியும் நானும் டார்ச்சுடன் கரையின் கிழக்கு முனையில் நின்றோம். மறுகாலில் நட்டிருந்த அளவுகோலில் தண்ணீர் 24 சென்டிமீட்டர் வரை ஏறியது. அதாவது, நான் கணக்கிட்டதற்கு மேல் இரண்டு விரற்கடை அளவு தாண்டி, விடியும் முன் இறங்கத் தொடங்கியது. காலையில் மூன்றாம் படிக்குக் கீழே சில கற்கள் நகர்ந்திருந்தன, வாயின் ஓரத்தில் பாய் அளவுக்குப் புல் பெயர்ந்திருந்தது. அண்ணாச்சி தன் வரப்பிலிருந்து அருகம்புல் வெட்டிக்கொண்டு வந்தார், இருவரும் சேர்ந்து அந்த இடத்தில் பதித்தோம்.