மூலிகைக்குள் வாழும் பூஞ்சை மஞ்சளின் கிழங்கழுகலைத் தடுக்குமா?

கேள்வி: கொடுமுடி அருகே, காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் மஞ்சள் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு கிழங்கழுகலால் பாதி விளைச்சல் போய்விட்டது. வேம்பு, ஆடாதொடை போன்ற மூலிகைகளுக்கு உள்ளேயே நோயைக் கட்டுப்படுத்தும் பூஞ்சைகள் வாழ்வதாகச் சொல்கிறார்கள். அந்த இலைகளை அரைத்து, வெல்லம் கலந்து ஊறவைத்துப் பாசன நீரில் விட்டால் பலன் கிடைக்குங்களா? இதையே பாட்டிலில் அடைத்தும் விற்கிறார்கள், வாங்கலாமா? இந்த ஆண்டும் நாலைந்து பாத்தியில் இலை மஞ்சளிக்கத் தொடங்கிவிட்டது.

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் இலையை அரைத்து ஊற்றுவதால் அந்தப் பூஞ்சை உங்கள் மஞ்சளுக்கு வந்து சேராது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால், பாட்டிலை வாங்குவதா வேண்டாமா என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

செடியின் இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் திசுக்களுக்குள், செடிக்கு எந்த நோய்க்குறியும் உண்டாக்காமல் குடியிருக்கும் பூஞ்சைகளை அகவாழ் பூஞ்சைகள் என்கிறோம். இப்படிப்பட்ட உயிர்களுக்கு 1866ஆம் ஆண்டிலேயே டி பாரி என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பெயர் சூட்டிவிட்டார். ஹோண்டுராஸ் நாட்டில் ஒரு இலவங்கப்பட்டை மரத்தின் உள்ளிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வெள்ளைப் பூஞ்சை ஒன்று, தான் வெளியிடும் ஆவியாலேயே பல நோய்ப் பூஞ்சைகளைக் கொன்றது. நம் நாட்டிலும் தார் பாலைவனத்தில், சீமைக்கருவேலின் வேரிலும் காட்டு இலந்தையின் வேரிலும் கிடைத்த ஒரு பூஞ்சையை அஜித் வர்மா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் அறிவித்தார்கள். அது பல பயிர்களின் வேருக்குள் குடியேறி வளர்ச்சியைத் தூண்டுவதோடு, நோயைத் தாங்கும் திறனையும் கூட்டுகிறது. வரப்போரத்தில் நாம் வெட்டி வெட்டிச் சலித்துப்போன சீமைக்கருவேலின் வேரிலிருந்து இப்படியொன்று கிடைத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தப் பூஞ்சைகள் வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. சில, நோய்ப் பூஞ்சையின் இழைகளைச் சுற்றிப் பின்னி அதைக் கரைத்து உண்கின்றன. சில, நச்சுப் பொருளைச் சுரந்து அதை அண்டவிடாமல் செய்கின்றன. வேறு சில, வேரில் முதலில் இடம் பிடித்துக்கொள்வதாலோ, செடியின் தற்காப்பை முன்கூட்டியே உசுப்பிவிடுவதாலோ பயன் தருகின்றன. எப்படியிருந்தாலும் பூஞ்சை உயிரோடு, போதிய எண்ணிக்கையில் வேருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இவற்றில் எதுவும் நடக்கும். அரைத்த கரைசலில் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

இலையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் சாதாரணப் பூசணங்களும் வேகமாகப் பெருகக்கூடியவை. அகவாழ் பூஞ்சைகளில் பல மிக மெதுவாக வளர்பவை. வெல்லத்தைக் கலந்து ஊறவைத்தால் முந்திக்கொள்வது மேலே இருந்த கூட்டம்தான். ஆய்வகத்தில் இதற்காகவே இலைத் துண்டை முதலில் 70 சதவீத ஆல்கஹாலிலும் பிறகு சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் நனைத்து மேற்பரப்பைச் சுத்தப்படுத்துகிறார்கள். கடைசியாகக் கழுவிய நீரையும் தனித் தட்டில் ஊற்றி, அதில் எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்த பின்னரே, துண்டிலிருந்து வளர்வதை உள்ளிருந்து வந்தது என்று ஏற்கிறார்கள். மாணவனாக இருந்தபோது இந்தக் கழுவலில் சற்று அவசரப்பட்டதால், வேப்பிலை வைத்த தட்டு முழுவதும் மூன்றே நாளில் கறுப்புப் பூசணம் மூடிப் போனதைக் கண்டிருக்கிறேன். உங்கள் தொட்டியில் நடப்பதும் அதுதான்.

இதைவிடக் கவலைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு செடிக்குள் சாதுவாக இருக்கும் பூஞ்சை இன்னொரு செடியில் நோயாக மாறக்கூடும். மூலிகைச் செடிகளின் உள்ளிருந்து அடிக்கடி கிடைப்பவற்றில், பயிர்நோய்களை உண்டாக்கும் ஃபியூசேரியம், ஆல்டர்னேரியா, கொலெட்டோடிரைக்கம் ஆகிய இனங்களும் இருக்கின்றன. மஞ்சளில் இலைப்புள்ளி நோயை உண்டாக்குவதும் கொலெட்டோடிரைக்கம் இனத்தைச் சேர்ந்ததுதான். எந்தப் பூஞ்சை என்று அடையாளம் காணாமல் வயலில் விடுவது, யாரென்று கேட்காமல் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். வேப்பிலைக் கரைசலுக்கு எந்தப் பயனும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் பயன் வேம்பின் வேதிப்பொருளால் வருவதே தவிர, உள்ளிருந்த பூஞ்சையால் அல்ல.

இனிப் பாட்டில். நுண்ணுயிர் மருந்துகளும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றே விற்கப்பட வேண்டும். பதிவு எண், பூஞ்சையின் முழுப் பெயர், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அட்டையில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையானால் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும். 'மூலிகைப் பூஞ்சை' என்று மட்டும் எழுதியிருப்பது பெயரே ஆகாது.

இன்றைக்கு உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது டிரைக்கோடெர்மாதான். மண்ணில் வாழும் பூஞ்சையாகவே பெரும்பாலோர் இதை அறிந்திருந்தாலும், இதன் பல வகைகள் வேருக்குள்ளும் குடியேறக்கூடியவை. ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 20 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காட்டி, நிழலில் சாக்கால் மூடி ஒரு வாரம் வைத்திருந்து வேரடியில் இட்டு மண் அணையுங்கள். ஆனால் இது வருமுன் காப்பது. அழுகிய கிழங்கை மீட்டுத் தராது.

மஞ்சளிக்கும் பாத்திகளில் முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. கிழங்கழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிர், நீரில் நீந்தும் வித்துகளால் பரவுவது. ஒரு பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்கு ஓடும் வரை எந்த மருந்தும் முழுப்பலன் தராது. ஐப்பசி மழைக்கு முன் வடிகாலை ஆழப்படுத்திவிடுங்கள். தண்டின் அடிப்பகுதி நீர்கோத்து மெத்தென்று இருக்கும் தூர்களை மண்ணோடு தோண்டி அகற்றி, அந்தக் குழியிலும் சுற்றியுள்ள தூர்களிலும் காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் கரைத்து வேர் நனைய ஊற்றுங்கள். பலரும் பழக்கத்தில் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றுகிறார்கள். பித்தியம் உண்மையான பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல என்பதால் கார்பன்டசிம் அதை அசைக்காது. அதே மருந்து டிரைக்கோடெர்மாவை அழித்துவிடும். காப்பர் ஊற்றிய இடத்தில் டிரைக்கோடெர்மா இட 15 நாள் பொறுத்திருங்கள். நோய் வராத பாத்திகளில் இப்போதே இடலாம்.

அடுத்த நடவுக்கு இந்தத் தோட்டத்துக் கிழங்கை விதைக்கு எடுக்காதீர்கள். இடமும் மாற வேண்டும். இந்த நிலத்தில் ஒரு சுற்றாவது வேறு பயிர் வைப்பது நல்லது.

இலை மஞ்சளிப்பதற்கு அழுகல்தான் காரணமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நூற்புழுவும் இரும்புச்சத்துக் குறைவும் தொலைவிலிருந்து பார்க்க இதே போலத்தான் இருக்கும். பாதி பாதித்த தூர் ஒன்றைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையிலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். முழுதும் அழுகிய தூரில் பிற்பாடு வந்த புழுவும் பாக்டீரியாவும்தான் தெரியும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். காகிதத்தில் சுற்றியே எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் வேறு அழுகலும் சேர்ந்துவிடும்.