சட்டம் கேளுங்கள்: அரசுப் பணத்தைக் கையாடினால்

கேள்வி: பேரூராட்சியில் வரி வசூலிக்கும் என் தம்பி, வசூல் பணத்தை வங்கியில் கட்டாமல் இருபது நாள் சொந்தச் செலவுக்கு வைத்துக்கொண்டான். தணிக்கைக்கு முன்பே முழுவதையும் கட்டிவிட்டான். அரசுக்கு நட்டமே இல்லையே, இதுவும் குற்றமா?

பதில்: குற்றம்தான். சிறிது காலத்துக்கு மட்டும் எடுத்தாண்டாலும் அது கையாடலே என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு விளக்கம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. செய்தவர் பொது ஊழியர் என்றால் 316(5)-ன்படி ஆயுள் சிறை, அல்லது 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும். அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய சட்டத்தின் 409-ஆம் பிரிவு.

குறைந்தபட்சத் தண்டனையைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமானது ஊழல் தடுப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அதில் தண்டனை 4 முதல் 10 ஆண்டு. குற்றம் உறுதியானால், பணத்தைத் திருப்பிக் கட்டியதைக் காட்டி நான்கு ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது.

ஆனால் தாமதமெல்லாம் கையாடல் ஆகிவிடாது. தொடர் விடுமுறையால் கட்ட முடியாமல் போய், பணம் பெட்டகத்தில் எண்ணிப் பார்க்கும் நிலையில் இருந்தால், அது துறை விதிமீறலோடு நிற்கும். கட்டாத பணத்தைக் கட்டியதாக ரொக்கப் பதிவேட்டில் எழுதியிருந்தாலோ, இன்றைய வசூலை எடுத்து நேற்றைய குறையை அடைத்திருந்தாலோ, நேர்மையற்ற எண்ணத்துக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

கேள்வி: பணத்தை என்ன செய்தார் என்றே காட்டாமல் ஒருவரைத் தண்டிக்க முடியுமா?

பதில்: முடியும். பணம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அரசுத் தரப்பு ஐயமற நிரூபிக்க வேண்டும். அதன்பின் அவர் கணக்குக் காட்டாவிட்டால், அல்லது பொய்யான விளக்கம் சொன்னால், கையாடினார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். எந்த வழியில் செலவழித்தார் என்று காட்டத் தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1959, 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளிலேயே தெளிவாக்கிவிட்டது.

ஆகவே வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த 'ஒப்படைப்பு' என்ற இடத்தில்தான். ரசீதின் அடிக்கட்டையில் யார் கையெழுத்து? பெட்டகச் சாவி எத்தனை பேரிடம் இருந்தது? பொறுப்பு மாறியபோது பணத்தை எண்ணிக் கையெழுத்திட்டார்களா? இவற்றுக்கு விடை இல்லாத வழக்குகளில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே போகும். இன்னொரு ஓட்டை குற்றச்சாட்டை வனைவதில் வரும். பல தேதிகளில் எடுத்ததை மொத்தத் தொகையாக ஒரே குற்றச்சாட்டில் சேர்க்கலாம். ஆனால் முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் இருக்கக் கூடாது.

தவறு செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "குறையும் தொகையைக் கட்டிவிடுங்கள், இதோடு முடிந்துவிடும்" என்று மேலதிகாரி சொன்னால் அப்படியே கட்டிவிடாதீர்கள். பின்னாளில் அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், பொறுப்பை ஏற்கவில்லை, எதிர்ப்புடன் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிவையுங்கள். பதிவேடுகளின் சான்றிட்ட நகல்களையும் உடனே கேளுங்கள்.

கேள்வி: குற்றவியல் நீதிமன்றம் விடுவித்துவிட்டால் வேலை தானாகத் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறை விசாரணைக்கு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சாட்சியங்கள் காட்டினால் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். எனவே, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று துறை அனுப்பும் குற்றக் குறிப்பாணைக்கு (குற்றச்சாட்டுகளை எழுதி விளக்கம் கேட்கும் ஆணை) பதில் தராமல் இருந்துவிடாதீர்கள். தண்டனை கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம்: அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவின்படி விசாரணையே இல்லாமல் பணிநீக்கம் செய்யலாம். மேல்முறையீட்டில் சிறைத் தண்டனையை மட்டும் நிறுத்திவைத்தால் வேலை தப்பாது. குற்றத் தீர்ப்புக்கே தடை வாங்க வேண்டும்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகக் காசாளர் ஒருவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அதன்பின் எதுவும் செய்ய முடியாதாமே?

பதில்: தவறான தகவல். ஓய்வுக்கு முன்பே நடவடிக்கை தொடங்கியிருந்தால் அது தொடரும். தற்காலிக ஓய்வூதியம் வரும், பணிக்கொடை முடிவு வரும்வரை நிற்கும். ஓய்வுக்குப் பின் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்கத்தான் எல்லை உண்டு: குடியரசுத் தலைவரின் அனுமதி வேண்டும், சம்பவம் நான்கு ஆண்டுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். கையாடலுக்கான குற்ற வழக்குக்குக் காலவரம்பே கிடையாது.