எல்லாச் சபைகளும் தங்கள் பெயர்களை விட்டுவிட்டால் கிறிஸ்தவர்களுக்குள் ஒற்றுமை வந்துவிடுமா?

வராது என்றே நினைக்கிறேன். பவுல் கடிதம் எழுதிய கொரிந்து நகரச் சபையையே பாருங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் (பேதுருவை) சேர்ந்தவன் என்று அங்கே பிரிந்து நின்றார்கள். அந்தப் பட்டியலில் நான்காவதாக, 'நான் கிறிஸ்துவைச் சேர்ந்தவன்' என்பதும் இருக்கிறது (1 கொரிந்தியர் 1:12). இதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கிறிஸ்துவின் பெயரையே மற்றவர்களை ஒதுக்கும் கட்சிப் பெயராக்கவும் மனிதரால் முடியும்.

வரலாறும் அதையே காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஸ்டோன், கேம்ப்பெல் போன்றவர்கள் சபைப் பிரிவுப் பெயர்களை உதறி, கிறிஸ்தவர்கள் என்று மட்டும் அழைக்கப்பட விரும்பினார்கள். உயர்ந்த நோக்கம்தான். ஆனால் ஆராதனையில் இசைக்கருவி வேண்டுமா, மிஷனரிச் சங்கங்கள் வைப்பது சரியா என்ற கேள்விகளில் அவர்களும் பிளந்தார்கள். அமெரிக்க அரசின் 1906 மதக் கணக்கெடுப்பில் இரண்டு தனிச் சபைகளாகவே பதிவானார்கள்.

அதற்காகப் பெயர் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். 1522லேயே சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், தன் பெயரால் யாரும் அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பயந்தது நியாயமே. இருந்தாலும் ஒரு சபையின் பெயர், அது எந்த விசுவாச மரபில் வளர்ந்தது, ஞானஸ்நானத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. இதை மறைப்பது ஒற்றுமை ஆகாது.

உங்கள் சபையைச் சோதிக்க விரும்பினால் பெயர்ப்பலகையை விடுங்கள். வேறு சபையில் பெற்ற ஞானஸ்நானத்தை ஏற்கிறார்களா, அங்கிருந்து வருபவருக்குத் திருவிருந்தில் இடம் உண்டா என்று கேளுங்கள்.